மடித்து வைத்த பூஜ்யங்கள்

எங்கள் ஆபீஸ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே இருப்பது ஆளா அலமாரியா என்றே அவருக்குத் தெரியாது. “எழுத்து தெரியக் கூடாதுப்பா. நிறத்துலயே தப்பு எங்கன்னு புரியணும். அப்பத்தான் நான் செஞ்சது உருப்படி” என்பார்.

எங்கள் கம்பெனி, நோயாளியின் நரம்பில் மருந்து ஏற்றும் பம்புகளைச் செய்கிறது. பம்ப் திடீரென்று நின்றுபோனால், அந்த நொடியில் அதன் நினைவகத்தில் இருந்ததையெல்லாம் எண்களாக வாரிக் கொட்டும். டம்ப் என்போம். பக்கம் பக்கமாகப் படித்தால் தலை சுற்றும். இந்த அம்மாள்தான் டம்பைத் திறந்து காட்டும் டீபக்கர் மென்பொருளைத் திருத்தி, நினைவகத்தில் எது எங்கே என்று சொல்லும் முகவரிகளுக்கு நீலம், கோளாறுக்குச் சிவப்பு என்று நிறம் கொடுத்தார். வெறும் பூஜ்யமாக வரும் வரிகளை மடித்து ‘மேற்படி’ என்று ஒரே வரியாக்கினார். நாங்கள் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

ஆனாலும் அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பயந்தாங்கொள்ளி. லிஃப்டில் ஏறமாட்டார். “அதுக்குள்ளயும் நம்மள மாதிரி ஒருத்தன் எழுதினதுதானே ஓடுது?” காபி மெஷினின் பட்டனைக்கூடத் தள்ளி நின்று எக்கித்தான் அழுத்துவார். அரண்டவன் கண்ணுக்கு என்று நாங்கள் இழுத்தால், முடிக்கும் முன் அவரே சிரித்துவிடுவார்.

போன வாரம் அம்மாளின் கணவருக்கு அறுவை சிகிச்சை. வார்டில் இன்னமும் அவர் கையில் ஏறும் மருந்து எங்கள் பம்பிலிருந்துதான். “நீ செஞ்ச மெஷின்தானே, அப்புறம் என்ன பயம்?” என்று கணவர் போனில் கேலி செய்திருக்கிறார்.

“நான் செஞ்சதாலதாங்க பயம்.”

அன்றிலிருந்து இவர் சிரிக்கவில்லை.

இன்று காலை சோதனை அறையில் ஒரு பம்ப் நின்றது. நின்றால் அலற வேண்டிய மணி அலறவில்லை. டம்பைத் திறந்தோம். சிவப்பே இல்லை. “எல்லாம் கிளீனா இருக்கேம்மா” என்றார் மேனேஜர்.

“இவ்ளோ சுத்தமா இருக்கறது நல்லதுக்கில்ல சார்” என்று அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மடிப்பைப் பிரித்தார். திரை முழுக்கப் பூஜ்யங்கள் ஓடின. ஓரிடத்தில் விரல் நின்றது. மணியை எழுப்பும் நிரலின் முகவரி இருக்க வேண்டிய இடம் அது. அங்கேயும் பூஜ்யம். ஏதோ ஒன்று அதை அழித்திருக்கிறது.

“காலி இடம்னு நெனச்சு நானே மடிச்சு மறைச்சுட்டேனே!”

நாங்கள் கோளாறில்லை என்று மூடிவைத்த பழைய டம்புகளையும் பிரித்தார். அவற்றிலும் அதே இடத்தில் அதே பூஜ்யம். அப்படியென்றால் எந்தப் பம்பும் சத்தமில்லாமல் நிற்கலாம்.

கணவருக்குப் போன் போட்டார். இரண்டாம் தடவைதான் எண் சரியாக விழுந்தது. “என்னங்க, நர்ஸைக் கூப்பிட்டு அந்த மெஷினை உடனே மாத்தச் சொல்லுங்க. ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க. மாத்துற வரைக்கும் போனை மெஷின் பக்கத்துலயே வையுங்க, அது ஓடற சத்தம் எனக்குக் கேக்கணும்.”

“எல்லா ஆஸ்பத்திரிக்கும் சொல்லியாகணும். எந்தெந்த மாடல்ம்மா?” என்று பதறிக்கொண்டு வந்தார் மேனேஜர். போனில் பம்பின் மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாள், மறுகாதைத் தோளோடு அழுத்திப் பொத்திக்கொண்டு, பேசாதே என்று அவர் முகத்துக்கு நேரே கையை உயர்த்தினார்.