வெங்கிட்டுவின் பாதி வட்டங்கள்

ஈரப் பஞ்சை ஸ்டாம்பின் மேல் வைத்துவிட்டு வெங்கிட்டு ஒரு கடிதத்தைப் படித்து முடிப்பார். அதற்குள் பசை இளகிவிடும். ஓரத்தை நகத்தால் கிளப்பி, இடுக்கியில் எடுத்து, வெண்கலக் கிண்ணத்து நீரில் மிதக்க விடுவார். "குளிச்சு வரட்டும்" என்பார், பக்கத்து மேசையில் டைப் அடிக்கும் என்னிடம்.

மட்டாஞ்சேரி பஜாரில் எங்கள் ஏலக்காய்க் கம்பெனிக்கு வரும் தபாலைப் பிரிப்பவர் அவர். பிரிக்குமுன் உறையை முகர்வார். "வண்டன்மேடு. காயை நன்னா உணக்கலை, ஈர வாசம்." பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

உறையைக் கத்தரிப்பது எங்கள் சேட்டுக்குப் பிடிக்காது. வந்த உறையை ஓரம் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டி, அதிலேயே மலைக்குப் பதில் கடிதம் போக வேண்டும். அதனால்தான் இந்தக் குளியல். உறை சேட்டுக்கு, ஸ்டாம்பு வெங்கிட்டுவுக்கு. எழுபத்து நாலிலிருந்து ஒன்பது வருஷம் சேர்த்தார். ஏலமலையில் தபால் எப்படி ஏறியது, எந்த மேட்டில் எந்த மழைக்குப் பின் ஆபீஸ் திறந்தது என்று முத்திரைகளை வைத்தே வரிசைப்படுத்தியிருந்தார். மூணாறில் தபால்தலைக் கண்காட்சி என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தவர், பாண்டிகசாலைக் கிடங்குச் சுமைக்காரர்கள் வரை அதைச் சொல்லிவிட்டார்.

பதில் வந்தது. ஊர்ப்பெயர் முழுதாகத் தெரியாத முத்திரைகளை வைக்க இயலாது.

ஆல்பத்தைத் திறந்து காட்டினார். முத்திரை வட்டத்தின் வலப்பாதிதான் ஸ்டாம்பில் விழுந்திருந்தது. 'மேடு' என்று ஒன்று, எந்த மேடு? 'குளம்', 'சோலை'. இடப்பாதி உறையோடு போயிருந்தது.

"பாதி ஊரை நானே திருப்பி ஒட்டி மலைக்கு அனுப்பிச்சிருக்கேன். எந்தா செய்யறது? அதையெல்லாம் போட்டு அடுப்பெரிச்சிருப்பா."

நான்கு நாள் கிண்ணம் காய்ந்து கிடந்தது.

செவ்வாய்தோறும் சரக்கு லாரியோடு வருகிறவர் சங்கிலிப்பாண்டி, உடும்பன்சோலையில் எஸ்டேட் எழுத்தர். அக்கம்பக்கத் தோட்டங்களுக்கும் எங்கள் கடிதங்கள் அவர் பெயருக்குத்தான் போகும்.

"என்னா சாமி, ஏல வெல சரிஞ்ச மாதிரி ஒக்காந்திருக்கீக?"

வெங்கிட்டு சொன்னார்.

"அம்புட்டுத்தானா? நீங்க போட்ட கவரு பூராம் கம்பியில குத்தி வச்சிருக்கேன்."

"ஓய், மழைல நனைஞ்சிருக்குமே?"

"ஒழுகுற எடத்துல நான்தேன் ஒக்காந்திருக்கேன். கம்பி, சாயா அடுப்புக்கு மேல தொங்குது."

அடுத்த செவ்வாய் ஒரு சாக்கு வந்தது. புகை ஏறிப் பழுத்த உறைகள். நடுவில் கம்பி குத்திய துளை. சிலவற்றைக் கரையான் தின்றிருந்தது. வெங்கிட்டு முதல் உறையைச் சாயா கிளாசின் ஆவியில் பிடித்தார். ஒட்டு விட்டது. பிரித்துத் திருப்பினார். வலது மூலையில் வெற்றுச் சதுரம். அதன் இடப்பக்கம் அரை வட்டம், 'வண்டன்'.

ஆல்பத்தின் மூன்றாம் பக்கத்திலிருந்து 'மேடு' என்றிருந்த ஒரு ஸ்டாம்பை எடுத்தார். சதுரத்தில் வைத்துச் சற்றே நகர்த்தினார். வட்டம் மூடிக்கொண்டது.

"சேந்துருச்சா சாமி?"

வெங்கிட்டுவின் இடக்கை உறையை அமுக்கியிருந்தது, வலக்கை விரல் ஸ்டாம்பை. வெண்கலக் கிண்ணத்தை முழங்கையாலேயே மேசையின் மறுகோடிக்குத் தள்ளினார்.