கோனுக்கு இல்லாத மரியாதை

புடவைக் கடைகள் திறக்கும் நேரத்தில், வெள்ளவத்தையில், காலி வீதியின் ஓரத்தில் எங்கள் கார் நின்றுவிட்டது. முன்சில்லு ஒன்று இறுகிப்போய் அசைய மறுத்தது. மனைவி நிதானமாக இறங்கி, பக்கத்துக் கடைக்குள் போய்க் கதிரை கேட்டு உட்கார்ந்துவிட்டார். நான் நடைபாதையில் நின்று, காரை உரசுவதுபோலப் போன பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணாமல் இருந்தால் எனக்குப் பயம் கூடும்.

பழுதான கார்களை ஏற்றிப்போகும் லொறி தெமட்டகொடையிலிருந்து வந்தது. சாரதி இளம் முஸ்லிம் மனிதர். பளிச்சென்ற செம்மஞ்சள் மேலங்கி போட்டிருந்தார். வந்தவர் காரைப் பார்க்கவில்லை, வீதியைத்தான் பார்த்தார். லொறியின் விளக்கைச் சுழலவிட்டு, காருக்குப் பின்னால் கூம்பு வடிவப் பிளாஸ்டிக் கோன்கள் நான்கைச் சரிவாக வைத்தார். பிறகு என்னிடம், "அங்கிள், என்ன நடந்தாலும் பேவ்மெண்ட்ட விட்டு எறங்காதீங்க" என்றார். சில்லில் சங்கிலி மாட்டுவதற்காக வீதிப் பக்கமாகக் காருக்கடியில் படுத்தார். கால்கள் இரண்டும் வெளியே, பஸ் போகிற பக்கம் கிடந்தன.

வெள்ளவத்தையில் கோனுக்கு யாரும் அஞ்சுவதில்லை. தங்கள் வாசலில் பிறர் வாகனம் நிறுத்தாதிருக்கக் கடைக்காரர்கள் வைப்பது அது. ஆள் இல்லாத நேரம் பார்த்து அதை நகர்த்திவிட்டு நிறுத்துவது இங்கே வழக்கம். நான் கோன்களை எண்ணிக்கொண்டே இருந்தேன். நான்கு. நான்கு. நான்கு. பிறகு மூன்று.

ஒரு ஓட்டோக்காரர் காரை ஒட்டியிருந்த கோனை நடைபாதையில் தூக்கி வைத்துவிட்டுத் தன் வண்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். இடைவெளியைக் கண்டு, பின்னால் வந்த பஸ்ஸும் எங்கள் பக்கம் ஒதுங்கியது.

"தம்பி, காலை உள்ளுக்கு எடுங்கோ. ஒண்டு குறையுது" என்று கத்தினேன்.

அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. கால்கள் மடங்கி உள்ளே போயின. பஸ் கடந்து போனது. கடைக்காரரின் கோன் என்று நினைத்ததாகச் சிங்களத்தில் சொல்லி, ஓட்டோக்காரர் அதைத் திரும்ப வைத்தார்.

சாரதி இன்னும் ஒருமுறை படுக்க வேண்டியிருந்தது. வாகனம் பழுதானால் மரக்கொப்பு ஒன்றை முறித்துப் பின்னால் போடுவதுதான் எனக்குத் தெரிந்த முறை. நடுவீதியில் கொப்பைக் கண்டால் எந்தச் சாரதியும் விலகிப் போவார். ஆனால் காலி வீதியில் கொப்புக்கு எங்கே போவது? நாலு கடை தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில், காவலாளி முதல்நாள் கட்டிய வாழைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒன்றைக் கேட்டேன், தந்தார். நான் பேவ்மெண்ட்டை விட்டு இறங்கவில்லை. சாரதிதான் அதை இழுத்துப்போய்க் கோன்களுக்கு அப்பால் கிடத்தினார். பஸ்கள் தூரத்திலேயே விலகத் தொடங்கின.

"சல்லி குடுத்து வாங்கின கோனுக்கு இல்லாத மரியாதை வாழைக்கு" என்று சிரித்துக்கொண்டே அவர் மறுபடி படுத்தார்.

மனைவி கடை வாசலுக்கு வந்து நின்றார். "உங்கட எண்ணுற விசராலை எனக்குத்தான் இவ்வளவு காலமும் தலையிடி. இண்டைக்கு ஒராளின்ர கால் தப்பிச்சுது" என்றார். அவரிடமிருந்து இதற்குமேல் பாராட்டு எதிர்பார்க்க முடியாது.

கார் லொறியில் ஏறியது. அடுத்த இடத்துக்கு உதவும் என்று வாழையையும் சாரதி அதன் பக்கத்தில் கட்டினார். கோன்களை அடுக்கியவர், என் பக்கம் திரும்பினார்.

"அங்கிள், எத்தின?"

"நாலு" என்றேன்.

அதன் பிறகுதான் அவர் ஏறிக் கதவைச் சாத்தினார்.