சம்பந்தி பார்க்க வந்த படம்

தியேட்டரில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பக்கத்து சீட்டில் ஒருவர் போனை எடுத்து வெளிச்சம் காட்டினாலே திரும்பி முறைப்பேன். முறைப்புக்கு மசியாவிட்டால் வாயைத் திறப்பேன். நான் படத்துக்குக் கிளம்பினாலே என் மகன், "அம்மா, அங்க போய் யார்கூடவும் ஜகளா ஆடாதே" என்று சொல்லித்தான் அனுப்புவான். மைசூரில் பிறந்து வளர்ந்த பிள்ளை, சண்டை என்ற சொல்கூட அவனுக்குக் கன்னடத்தில்தான் வரும். அப்படிப்பட்ட நான் ஒரு நாள், தியேட்டரே சேர்ந்து கத்தியபோது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என் சம்பந்தியோடு போன படம்.

சம்பந்தி என்றால் என் மருமகளின் அப்பா. ஹனூர் பக்கம் கௌதள்ளியில் மஞ்சளும் கடலையும் போடுகிறவர். மருமகளுக்கு ஏழாவது மாதம் என்பதால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். அவர் எங்கள் வீட்டில் தானாக ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்றால் "போதுங்க", ஃபேனைக் கூட்டி வைக்கட்டுமா என்றாலும் "போதுங்க". பெண்ணைக் கொடுத்த வீட்டில் வாய் திறந்தால் ஏதாவது குறைந்துவிடும் என்பது மாதிரி இருப்பார். அந்த அடக்கம் எனக்குச் சில சமயம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

அன்று காலை காப்பி குடிக்கும்போது அவராகவே கேட்டார். "அந்த மலை சரிஞ்ச படம் இங்க ஓடுதாமுங்க?"

"அப்பா, வேண்டாம்ப்பா" என்றாள் மருமகள். அவர் மகளைப் பார்க்கவில்லை, தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வருடங்களுக்கு முன் தேயிலை எஸ்டேட் ஒன்றின் மேல் மலை சரிந்து விழுந்ததை வைத்து எடுத்த படம் அது. உண்மைக் கதை என்று எல்லார் போனிலும் அதன் துண்டுக் காட்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. சம்பந்தியின் தம்பி அந்த எஸ்டேட்டில்தான் லாரி ஓட்டினார், அந்தச் சரிவில்தான் போனார். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்பே நடந்துவிட்டதால் போட்டோவில் பார்த்ததோடு சரி. எப்படிப் போனார், கடைசியாக யாரிடம் பேசினார் என்றெல்லாம் நாங்கள் கேட்டதில்லை. சம்பந்தி வீட்டில் அதையெல்லாம் துருவிக் கேட்பது முறையில்லை என்று விட்டுவிட்டோம்.

"கொள்ளேகாலத்துலயும் ஓடுச்சுங்க. அங்க போனா எல்லாரும் படத்தப் பாக்காம என்ற மூஞ்சியத்தான் பாப்பாங்க. இங்கன்னா யாருக்கும் தெரியாதுங்க" என்றார்.

மனிதர் முதல் தடவையாக வாய் விட்டுக் கேட்டது இது. எப்படி மறுப்பது? மருமகளிடம், "நான் பக்கத்துலயே இருக்கேன், நீ படுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மத்தியான ஆட்டத்துக்குக் கிளம்பினேன். என் வீட்டுக்காரரும் வந்தார். எந்தப் படமானாலும் டைட்டில் முடிவதற்குள் தூங்கிவிடுகிற புண்ணியவான் அவர்.

வேலை நாள் என்றாலும் மாலில் கூட்டம் இருந்தது. எங்கள் பின்வரிசை முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள். முன்வரிசையில் ஒரு கன்னடக் குடும்பம், வாளி மாதிரி பெரிய பாப்கார்ன் டப்பாவோடு. என் வீட்டுக்காரர் எங்களுக்கும் ஒன்று வாங்கிச் சம்பந்தியின் மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தி முதுகு சாயாமல் உட்கார்ந்து, கொடுத்ததை மீதி வைக்கக் கூடாதே என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்.

படத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் ஏற்படவில்லை. கதாநாயகன் ஜீப்பிலிருந்து இறங்கியதும் பின்வரிசை விசிலடித்தது. முதல் காட்சியிலிருந்தே அழுமூஞ்சி வயலின். எஸ்டேட் பெண்கள் இஸ்திரி போட்ட புடவையில் கொழுந்து பறித்தார்கள். வேறு நாளாக இருந்தால் வீடு திரும்பும் வழியெல்லாம் இதைச் சொல்லியே தீர்த்திருப்பேன். அன்று நான் திரையைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளைக் காட்டும்போதெல்லாம் அவர் கை பாப்கார்னை விட்டுவிட்டுச் சும்மா இருந்தது.

மழை பெய்து பெய்து, மேல் லைன் வீடுகளை மண் இழுத்துக்கொண்டு போகிற இடத்தில் திரை இருண்டு இடைவேளை போட்டார்கள். விளக்கு எரிந்ததும் எல்லாரும் சோம்பல் முறித்து எழுந்தார்கள். "கிராஃபிக்ஸ் சக்கத்தாகிதே மச்சா" என்றான் பின்னால் ஒருவன், கிராஃபிக்ஸ் பிரமாதமாம். அவன் மேல் குற்றமில்லை, அவனுக்கு அது சினிமா. இருந்தாலும் நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"போதும்ண்ணா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன்.

"இல்லீங்க சம்பந்தியம்மா. இதுக்கப்பறந்தானுங்க" என்றார். பிறகு காலி வரிசைகளைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார். "மொதல்ல மேல் லைன்தானுங்க போச்சு. தம்பி வீடு கீழ் லைன்ல. பொண்டாட்டி புள்ளையக் கூட்டிக்கிட்டு எல்லாத்தோடயும் பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டான். அங்கிருந்துதான் எனக்குப் போன் பண்ணுனான். நல்லாத்தான் பேசுனானுங்க. கடைசில, மாடு கட்டுனபடியே நிக்குதுண்ணா, போயி அவுத்துவுட்டுட்டு வந்தர்றேன்னான்."

டப்பாவிலிருந்து ஒரு பாப்கார்னை எடுத்தார், தின்னாமல் திரும்பப் போட்டார்.

"சரி சாமி, பாத்துப் போயிட்டு வான்னேனுங்க" என்றார்.

வேறென்ன சொல்வார்? யார்தான் வேறு சொல்வார்கள்? பால் வாங்கக் கிளம்புகிறவரைக்கூட நான் போயிட்டு வாங்க என்றுதான் அனுப்புகிறேன். கிளம்புகிற ஆளைப் பார்த்து, போகாதே என்பது நம் வீடுகளில் ஆகாத பேச்சு. எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டுவிட்டாலே, திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற ஜனங்கள் நாம். இதையெல்லாம் அவரிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"போகாதடான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க" என்றார் அதற்குள். "நான் சொன்னாக் கேப்பான். சின்னதுல இருந்து எம்பேச்ச மீறுனதில்ல. நாஞ்சொல்லாததுனாலதான் போனான். ஊட்டுல யாருக்கும் இந்தப் போன் வெசயம் தெரியாதுங்க. எம்புள்ளைக்கும் தெரியாது."

இத்தனை வருடமாக இதை வைத்துக்கொண்டுதான் இந்த மனிதர் போதுங்க, போதுங்க என்று இருந்திருக்கிறார். அவருடைய அடக்கத்தைப் பார்த்து எரிச்சல்பட்டவள் நான். அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, சம்பந்தியின் கையை எப்படிப் பிடிப்பது? பாப்கார்ன் டப்பாவை மட்டும் அவர் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன். விளக்கு அணைந்தது.

படத்தில் மாடு இல்லை, ஆடு. பள்ளிக்கூடத்து வராந்தாவில் பெண்டாட்டி பிள்ளைகளோடு நனைந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒரு தொழிலாளி, ஆடுகள் கொட்டிலிலேயே அடைந்து கிடப்பதை நினைத்துக்கொண்டு எழுந்திருக்கிறான். தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைப் போட்டுக்கொண்டு படி இறங்குகிறான். மேலே மலையில் நீளமாக ஒரு வெடிப்பு திறந்துகொண்டிருப்பதை நமக்குக் காட்டுகிறார்கள். அவனுக்குத் தெரியாது.

"ஏய், ஹோகபேட்வோ" என்றான் பின்வரிசைக்காரன், போகாதேடா என்று கன்னடத்தில். கிராஃபிக்ஸைப் பாராட்டிய அதே குரல். அவன் பக்கத்திலிருந்த பெண்ணும் சொன்னாள். முன்வரிசைக் குடும்பத்துப் பெரியவர் தமிழிலேயே, "வேணாம்ப்பா, திரும்பிடு" என்றார். அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்த குரல்கள் அரங்கம் முழுக்கப் பரவின. பழக்க தோஷத்தில் நான் முறைப்பதற்காகப் பாதி திரும்பிவிட்டேன். அப்போதுதான் என் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"போகாதடா" என்றார் சம்பந்தி, வாய்க்குள்ளேயே.

அடுத்த தடவை சத்தமாகவே வந்தது. முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "டேய், போகாதடா சாமி. மாடு போனாப் போவுது, நில்லுடா. அண்ணன் சொல்றேன்ல, போகாத."

என் வீட்டுக்காரர் திடுக்கிட்டு விழித்தார். நான்தான் யாரோடோ சண்டைக்குப் போய்விட்டேன் என்று நினைத்து, "ஸும்னிரு, ஸும்னிரு" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் சும்மாதான் இருந்தேன். உட்காருங்க என்று யாராவது அதட்டினால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடத் தயாராக இருந்தேன். யாரும் அதட்டவில்லை. முன்வரிசை அம்மாள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது, திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அவரைவிடச் சத்தமாக, "ஹோகபேடப்பா" என்று கத்தினாள். அதற்குப் பிறகு கத்தாதவர்கள் என்று பார்த்தால் நானும் என் வீட்டுக்காரரும்தான்.

அவன் போனான். மண் வந்தது. அத்தனை பேர் குரலும் ஒரேயடியாக நின்றுபோனது, மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சம்பந்தி மெதுவாக உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். முன்வரிசை அம்மாள் பாதி குடித்த தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டி, "குடீரி அண்ணா" என்றாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். நான் அழுதேன். கல்மனசும் கரையும்படியான காட்சி அல்ல அது, சுமாராக எடுத்த காட்சிதான். நான் அழுதது படத்துக்காக அல்ல.

மிச்சப் படத்தில் கதாநாயகன் பலரைக் காப்பாற்றினான், ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்கு ஒன்றும் மனதில் தங்கவில்லை. படம் முடிந்து வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் காரை எடுத்துவரப் போனார். நாங்கள் இருவரும் மால் வாசலில் நின்றோம். பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். அவர்கள் போவதையே சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன பேரு சொன்னாங்க பாத்தீங்களா சம்பந்தியம்மா. ஒருத்தரு பேச்சையும் கேக்காமப் போயிட்டானுங்க" என்றார்.

திரையில் நடக்கிறவனுக்கு நாம் கத்துவது எங்கே கேட்கப் போகிறது? வேறு யார் இப்படிச் சொல்லியிருந்தாலும் நான் முகத்துக்கு நேராகக் கேட்டிருப்பேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நான் சொல்லியிருந்தாலும் போயிருப்பான், இல்லீங்களா?"

"போயிருப்பார்ண்ணா" என்றேன். "கட்டிப்போட்ட மாட்ட விட்டுட்டு அவர் எப்படி நிப்பார்? போய்த்தான் இருப்பார்."