அம்மா வைத்த பாயிண்ட்

எனக்குப் பத்து வயதானபோது கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, பாடத்தைக் கைப்பேசியில் நடத்த ஆரம்பித்தார்கள். மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது. கணக்கு டீச்சர் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிடுவார். எனக்கு அதில் வருத்தமில்லை. அம்மாதான் இன்டர்நெட் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார்.

கேபிள் போட வந்தவர் துளையிடும் மெஷினை எடுத்ததும் அப்பா அதை வாங்கிக்கொண்டார். ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆயிரம் அடி போர் போட்டவர். முக்கால் அடிச் சுவரை வேறொருவர் துளைக்க விட்டுவிடுவாரா?

"நீங்க உக்காருங்க தம்பி. பாயிண்ட் மட்டும் சொல்லுங்க, போதும்."

"சந்துப் பக்கம் எங்க வேணா போடலாமுங்க" என்றார் அவர்.

அந்தச் சந்துதான் வம்பே. பக்கத்து வீட்டுப் பெரியப்பா தன் சமையலறையை எங்கள் சுவர்வரை இழுத்துக் கட்டிச் சந்தில் பாதியை அடைத்துவிட்டார். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். பெரியப்பா மகளோடு நான் விளையாடவும் தடை. அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாள்கூட நல்ல நாளாக இல்லை.

அம்மா வந்து சுவரில் மஞ்சள் பொட்டு வைத்தார். நீரோட்டம் பார்ப்பவர் பாயிண்ட் வைத்த இடத்தில் போர் போடுகிறவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. அப்பாவும் கேட்கவில்லை. சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு மெஷினை அழுத்தினார். வீடே அதிர்ந்தது. சட்டென்று மெஷின் உள்ளே போனது. மறுபக்கம் மூடி ஒன்று உருண்டது.

"ஆருங்க அது, பயித்துச் சட்டில மண்ணக் கொட்டறது?" என்றது பெரியம்மாவின் குரல்.

அப்பா குனிந்து துளையில் கண்ணை வைத்தார். அந்தப் பக்கம் பெரியப்பாவின் கண்.

"எத்தன அடி போட்ட? தண்ணி வந்துச்சா?" என்றார் பெரியப்பா.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இல்லீங்ணா. பச்சப்பயிறு வாசந்தான் வருது."

முதலில் பெரியம்மா சிரித்தார். பிறகு யார் யார் சிரித்தோம் என்று தெரியவில்லை. கேபிள்காரர் மட்டும் சிரிக்காமல், இன்னும் இரண்டு வீடு பாக்கியிருப்பதாகச் சொன்னார்.

"கேபிள இப்படியே உடுங்க தம்பி. எம்புள்ளைக்கும் கிளாஸ் இருக்குது" என்றார் பெரியப்பா துளை வழியாக.

அன்று மாலை அவளும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்து கணக்குப் பாடத்தைக் கோட்டை விட்டோம்.

போரில் தண்ணீர் வராவிட்டால் பழி பாயிண்ட் வைத்தவர் மேல்தான் விழும். அப்பாவோ கேட்டவர்களிடமெல்லாம், தன் கைதான் தவறிவிட்டது என்றார். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. அந்தப் பொட்டுக்கு நேராகத்தான் அம்மா தினமும் அரிசி புடைப்பார், பெரியம்மா தாளிக்கிற சத்தம் அங்கே தெளிவாகக் கேட்கும் என்பதெல்லாம் அன்று எனக்கு உறைக்கவே இல்லை. அம்மாவுக்குப் பாயிண்ட் வைக்கத் தெரியாது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அம்மா ஒருமுறைகூட மறுக்கவில்லை.

"ஆமாஞ் சாமி, எனக்கென்ன தெரியும்" என்பார்.