முன்கூட்டியே போட்ட கையெழுத்து

அன்றைக்குத் தலைவர் வீட்டு வாசலில், கார் நிற்கும் இடத்தில், ஐந்து பேர் இருந்தோம். எங்கள் மரண உதவிச் சங்கத்தின் தலைவர், தினமும் மோட்டாரில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வரும் செயலாளர், கமிட்டியில் இருக்கும் நாசி லெமாக் சோறு விற்கும் கடைக்காரம்மா, செனாய் தொழிற்சாலை ஒன்றில் காவலுக்கு நிற்கும் உறுப்பினர் ஒருவர், பொருளாளரான நான். ஞாயிற்றுக்கிழமை காலை. தலைவர் எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கி வைத்திருந்தார்.

காவலாளியின் மகளுக்குத் தாதியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வியாழக்கிழமைக்குள் இரண்டாயிரம் ரிங்கிட் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அவர் கையில் இருந்தது நானூறு.

தலைவர் சங்கத்தின் காசோலை ஒன்றை மேசைமேல் வைத்தார். அதில் என் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

தப்பு என்னுடையதுதான். ஸ்கூடாயில் எங்கள் தாமான் குடியிருப்பு ஆட்கள் யார் இறந்தாலும் உடனே பெட்டிக்கும் வண்டிக்கும் பணம் வேண்டும். நான் தொழிற்சாலை ஷிப்டில் இருந்தால் கைப்பேசி லாக்கருக்குள் கிடக்கும். அதனால் மூன்று வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டுத் தலைவரிடம் கொடுத்து வைப்பது வழக்கம். சாவு சொல்லிக்கொண்டு வருவதில்லையே என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. அதில் ஒன்றில்தான் இப்போது கல்லூரியின் பெயரும் தொகையும் எழுதப்பட்டிருந்தன.

"அண்ணே, இது முடியாது," என்றேன். "மூணாவது விதியில மரணச் செலவுக்கு மட்டும்னு போட்டிருக்கு."

"செத்தவனுக்குக் கொடுப்போம். உயிரோட இருக்கிற பிள்ளைக்குக் கொடுக்க மாட்டோம். நல்ல சங்கம் லா நம்ம சங்கம்," என்றார் தலைவர்.

செயலாளர் கைப்பேசியைக் காட்டினார். "வாட்ஸ்அப் குரூப்ல கேட்டாச்சுக்கா. முப்பது பேருக்கு மேல தம்ஸ் அப் போட்டிருக்காங்க."

"விதியை மாத்தணும்னா பதினாலு நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுத்து பொதுக்கூட்டம் கூட்டணும். கூட்டுங்க, நானும் வரேன். தம்ஸ் அப்புல மாத்த முடியாது."

"பதினாலு நாள்ல சீட்டு போயிடும்," என்றார் தலைவர். பிறகு செயலாளரைப் பார்த்துச் சிரித்தார். "ஃபார்ம் டூவோட நின்னவங்க நமக்குச் சட்டம் படிச்சுக் காட்டுறாங்கப்பா."

சுட்டது. பள்ளியை நான் விட்டதே வீட்டில் பணமில்லாததால்தான். அந்தப் பிள்ளைக்கு வரும் பணத்தைத் தடுக்கும் ஆளாக நானே உட்கார்ந்திருந்தேன். அவள் அப்பா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தலைவர் நல்ல மனிதர். அதுதான் என் பயமே. மோசமான ஆளாக இருந்தால் எல்லாரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்போம். நல்லவர் என்பதால் முப்பது பேரும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். இன்றைக்குப் படிப்பு, அடுத்த மாதம் கோயில் கூரை, அதற்கடுத்து பையன்களுக்குப் பந்து விளையாட ஜெர்சி. எல்லாம் நல்ல காரியம். கோவிட் நேரத்தில் ஒரே மாதத்தில் நான்கு சாவு விழுந்தபோது வங்கியில் மிஞ்சியது நூற்றுச் சொச்சம். அந்த விதியை எழுதிய பழைய ஆட்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பிறர் பணம் கையில் இருந்தால் நல்ல மனசுக்கும் ஆசை வரும் என்று தெரிந்தவர்கள்.

நாட்டு விஷயத்திலும் எனக்கு இதே கவலைதான். தேர்தல் வந்தால் யார் நல்லவர் என்றுதான் பேசுகிறார்கள். அந்த நல்லவர் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது, அதை யார் அவரிடம் எடுத்துச் சொல்வார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன். சொல்கிற இடத்தில் ஒருநாள் நானே இருப்பேன் என்று நினைத்ததில்லை.

காசோலையை எடுத்தேன். குறுக்கே இரண்டு கோடு போட்டு ரத்து என்று எழுதினேன். மற்ற இரண்டையும் கேட்டேன். தலைவர் உள்ளே போய் எடுத்து வந்து மேசையில் போட்டார். அவற்றிலும் கோடு போட்டேன்.

"அப்ப பிள்ளைக்கு என்ன வழி?" என்றார் கடைக்காரம்மா. "அதையும் நீயே சொல்லிடு."

"நம்ம காசு இருக்குல்ல," என்றேன். கார் இன்சூரன்சுக்கு எடுத்து வைத்திருந்த எழுநூறு ரிங்கிட் என் கைப்பையில் இருந்தது. எண்ணி வைத்தேன்.

தலைவர் மறுபடி உள்ளே போனார். ஐநூறு ரிங்கிட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இது என் பென்ஷன் காசு. இதுக்கு உங்க விதியில என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணும் போடலண்ணே. உங்க காசு, உங்க இஷ்டம்."

"அப்பாடா. ஒண்ணாவது என் இஷ்டத்துக்கு விட்டாங்களே."

கடைக்காரம்மா சிரித்துவிட்டார். இடுப்புப் பையிலிருந்து ஐந்து ரிங்கிட் தாள்களாக நூறு ரிங்கிட் எடுத்தார். செயலாளர் முந்நூறை அங்கேயே கைப்பேசியில் அனுப்பினார்.

காவலாளி தன் நானூறையும் அதோடு சேர்த்தார். "சங்கம் கொடுத்திருந்தா நான் யாருக்குக் கடன்னே தெரியாது," என்றார். "இப்ப தெரியுது. மாசா மாசம் கொடுத்துடுவேன். வேணாம்னு யாரும் சொல்லக்கூடாது."

புதன்கிழமை பணம் கட்டினார்கள். மகள் இப்போது இரண்டாம் ஆண்டு. படிப்புக்கும் உதவலாம் என்று விதியை மாற்றப் பொதுக்கூட்டம் கூட்டினோம். வேண்டாம் என்றுதான் பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். வெற்றுக் காசோலையில் நான் இப்போது கையெழுத்திடுவதில்லை. சாவு என்றால் சூப்பர்வைசர் அறைக்கே போன் போடச் சொல்லியிருக்கிறேன், அனுமதி கேட்டுக்கொண்டு வெளியே வந்து கையெழுத்திட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போகிறேன்.

காவலாளி மற்ற மூவருக்கும் கொடுத்து முடித்துவிட்டார். கார் இன்சூரன்சுக்கு மறுபடி பணம் சேரும்வரை அந்த வருடம் நான் இரண்டு மாதம் பேருந்தில் போனேன் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கு மாதம் ஐம்பதாகக் கொடுத்து வருகிறார், நானும் வாங்கிக்கொள்கிறேன். போன வாரம் கொடுத்தது போக, இன்னும் இருநூற்றைம்பது ரிங்கிட் பாக்கி.