மெட்டுத் திருடி

எங்கள் அத்தையை வங்கிக்காரர்கள் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். மூன்று வருஷம் கழித்துப் பாளையங்கோட்டைக்கே திருப்பி அனுப்பியபோது, அவளோடு ஒரு மாமாவும் வந்து இறங்கினார். வங்காளி. அந்த ஊர்ச் சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிறவர். இருவரும் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிதருக்கு, சுத்த சைவ வீட்டில் தினமும் புடலங்காய்க் கூட்டு வைத்தோம். முகம் கோணாமல் சாப்பிட்டார். பாட்டு எழுதுவதை ஒரு வேலையாக ஏற்க அப்பாவுக்குத்தான் மனம் வரவில்லை. "என்ன மாப்ள, இன்னிக்கி எத்தன வரி ஆச்சு?" என்று, வயலில் எத்தனை பாத்தி நட்டாயிற்று என்கிற குரலில் கேட்பார்.

அந்த வேலையில் மெட்டுதான் முதலில் வரும். இசையமைப்பாளர் லலலா என்று பாடிப் போனில் அனுப்புவார். மாமா அதற்குள் வார்த்தைகளை உட்கார்த்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் போனை நிறுத்தி நிறுத்திப் போடுவது அவருக்குச் சள்ளையாக இருந்தது. எனக்கு அப்போது வயது பத்து. ஒருமுறை கேட்டால் எந்த மெட்டும் எனக்குப் பிடிபட்டுவிடும். அதைக் கண்டுகொண்டதும் என்னையே டேப்ரிக்கார்டராக ஆக்கிக்கொண்டார். நான் லலலா பாட, அவர் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டு, தேதி கிழித்த காலண்டர் தாள்களின் பின்புறம் எழுதுவார். என்னிடமிருந்து அவர் கற்ற முதல் திருநெல்வேலி வார்த்தை, மெதுவாக என்பதற்கான 'பைய'. "பைய பாடு, பைய பாடு" என்பார்.

அந்த வருஷம் ஒரு பெரிய படத்துக்கு மெட்டு வந்தது. அதைப் பாடவைக்கும் முன் அவர் என்னை எதிரே உட்கார வைத்து, தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டிச் சொன்னார். "இது ரகசியம். வெளியே போனா என் வேலை போச்சு." நெல்லையப்பர் மேல் சத்தியம் செய்தேன். பத்து நாள்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றபோது அந்த மெட்டு தன்னால் என் வாயில் வந்தது. பின்னால் பாட்டு டீச்சர் நின்றிருந்தார்.

"நல்லாருக்கே! யாரு மெட்டு இது?"

உண்மையைச் சொன்னால் மாமாவின் வேலை போய்விடும். "நானே போட்டது டீச்சர்" என்றேன். தப்பித்தேன் என்று நினைத்தேன். சும்மா போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாயிற்று. டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டே நாளில் தாமிரபரணியைப் பற்றி அந்த மெட்டுக்கு ஒரு பாட்டெழுதி, நாற்பது பிள்ளைகளை நிறுத்திப் பயிற்சி கொடுத்தார். ஆண்டு விழா அழைப்பிதழில் மெட்டு என்று போட்டு என் பெயரையும் அச்சடித்துவிட்டார்கள். அப்பா அதைத் தெரு முழுக்கக் காட்டினார். மாமாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

விழாவன்று அக்குளில் வெங்காயத்தை வைத்துக் காய்ச்சல் வரவழைக்கப் பார்த்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல் தெரியவில்லை, வெங்காய வாடைதான் தெரிந்தது. குடும்பமே புறப்பட்டு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தது. பாட்டுத் தொடங்கியதும் மாமா தலையை நிமிர்த்தினார். நான் மேடையிலிருந்து அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, முழங்கால் மேலிருந்த விரல்களையே பார்த்தேன். அவை தட்டிக்கொண்டிருந்தன. பாட்டு முடிந்ததும் எல்லோரையும்போல அவரும் கைதட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். "பொருநைன்னா என்ன?" என்று மட்டும் கேட்டார். நம்ம ஆற்றின் பழைய பேர் என்றேன். அந்த வார்த்தையை மெட்டில் வைத்து இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வீட்டில் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அத்தோடு தீர்ந்திருக்கலாம். என்னோடு படித்த ஒருத்தியின் அப்பா, பாட்டு முழுவதையும் போனில் பிடித்து இன்டர்நெட்டில் போட்டுவிட்டார். இனி கல்கத்தாவில் கேட்க எவ்வளவு நேரமாகும்? இசையமைப்பாளர் போன் போட்டு மாமாவை வேலையை விட்டுத் தூக்குவார், அத்தை அழுவாள், எல்லாம் என்னால். காலையில் பள்ளிக்கூட ஜெபத்தில் ஏசுவிடமும், சாயங்காலம் நெல்லையப்பரிடமும் ஒரே விண்ணப்பம் போட்டேன். போன் வரக்கூடாது.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மாடிக்கு ஓடுவேன். சிக்னல் அங்கேதான் கிடைக்கும் என்று மாமா மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் போனை வைத்துவிட்டு அருகிலேயே நின்றிருப்பார்.

"கல்கத்தாலருந்து போன் வந்துச்சா மாமா?"

"இல்லைம்மா" என்பார். எனக்குப் போன உயிர் திரும்பி வரும். ஒருநாள் சாப்பிடும்போது மாமாவின் போன் அடித்தது. சோற்றுக் கையோடு எழுந்து ஓடினார். கேஸ் சிலிண்டர்காரன். சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீரைக் குடித்தேன். இப்படியே ஒரு மாதம் போயிற்று. போன் வரவே இல்லை. சாமி இருக்கிறது என்று எனக்கு உறுதியான மாதம் அது. மறு வருஷம் அத்தைக்குத் திரும்பவும் மாற்றல் வந்து, இருவரும் போய்விட்டார்கள்.

போன வருஷம் மாமா காலமானார். துக்கம் கேட்கப் போன இடத்தில் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"போடி கிறுக்கி. ஒம் பாட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அவரு எழுதி அனுப்புனதப் புடிக்கலன்னு, நீங்க பாடுததுக்கு முந்தியே வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அவர்ட்ட ஒரு வார்த்த சொல்லல. இவரு பாவம், போன் வரும் போன் வரும்னு மாடியிலயே நின்னாரு. அதுக்கப்புறம் அவ்வளவு பெரிய படம் அவருக்கு வரவே இல்ல." மூக்கைச் சிந்திக்கொண்டு, "நீ தெனமும் வந்து போன் வந்துச்சான்னு கேப்பியாம்லா. இந்த வீட்ல எம் பாட்டுக்காகக் கவலப்படுத ஒரே ஆளு இவதான்னு கடைசி வரைக்கும் சொல்லுவாரு" என்றாள்.

அவர் 'இல்லைம்மா' என்று சொன்ன ஒவ்வொரு சாயங்காலமும் நான் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவிக் குதித்து இறங்கியிருக்கிறேன். அந்தச் சத்தம் அவர் காதில் விழாமல் இருந்திருக்க வேண்டும்.