சங்கமித்ரா அக்கா நம்பாத ஸ்லைடு

சங்கமித்ரா அக்கா யாரையும் லேசில் நம்ப மாட்டார். தன் ஈஜிபுரா வீட்டில் தண்ணீர்க் கேன் வந்தால்கூட முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். ஹெப்பகோடியில் உள்ள எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் புற்றுநோய்க் கட்டிகளை மெழுகில் பதித்து, மெலிதாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றுவது அவர் வேலை. சாயம் போடுவது நான். என் சாயத்தையும் சந்தேகப்படுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடம் அவர் மார்பிலேயே கட்டி. அறுவை முடிந்து வந்ததும் வெட்டியெடுத்த கட்டியை எங்கள் கூடத்து டாக்டர் சுதீரின் ஆய்வுக்குக் கொடுத்தார். தன் கட்டியைத் தானே சீவினார். வேறு கையில் கொடுக்க மனசில்லை.

சுதீர் தேடுவது ஃபாக்ஸ்பி3 என்ற புரதத்தை. சில நோயெதிர்ப்புச் செல்களுக்குள் இருந்துகொண்டு, எந்த மரபணு வேலை செய்யலாம் என்று அது தீர்மானிக்கும். அந்தச் செல்கள் மற்ற காவல் செல்களை அடக்கிவைக்கும். உடம்பு தன்னையே தாக்காமலிருக்க அது தேவைதான். அந்தச் செல்கள் கட்டிக்குள் கூடினால் பெரும்பாலும் புற்றுநோய்க்குக் கொண்டாட்டம்.

"எல்லாக் கட்டியிலயும் கெட்டதா டாக்டர்?"

"குடல் கட்டியில சிலருக்கு நல்லதுன்னும் சொல்றாங்க அக்கா."

"அப்போ அதையும் நம்ப முடியாது."

அந்தப் புரதம் உள்ள செல், சாயத்தில் பழுப்பாகத் தெரியும்; மற்றவை நீலமாக. அவர் ஸ்லைடைப் பார்த்த சுதீர், "ஒண்ணுகூட இல்ல அக்கா, குட் நியூஸ்!" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா மட்டும் அசையவில்லை.

"டான்சில் ஸ்லைடு எங்க?"

சாயம் போடும்போதெல்லாம் வேறொருவர் தொண்டையிலிருந்து எடுத்த ஒரு டான்சில் சதைத் துண்டையும் சேர்ப்போம். அதில் அந்தச் செல்கள் எப்போதும் உண்டு. அது பழுப்பானால்தான் சாயம் சரி. சந்தோஷத்தில் நாங்கள் இருவரும் அதைப் பார்க்கவே இல்லை. அக்கா பார்த்தார். வெறும் நீலம். அவருடையது என்ற பதற்றத்தில் அந்தப் புரதத்தில் போய் ஒட்டிச் சாயத்தைப் பிடித்துக்கொடுக்கும் ஆன்டிபாடியை நான் ஊற்றவே மறந்திருந்தேன்.

"மறுபடி போடு."

"வேணாங்க்கா. இத வச்சு உங்க ட்ரீட்மெண்ட் மாறப்போறதில்ல. விட்டுடலாம்" என்றேன்.

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படிம்மா விடறது?"

மறுநாள் மத்தியானம் டான்சில் பழுப்பாக இருந்தது. கட்டியிலும் திட்டுத் திட்டாகப் பழுப்பு. என் கையை ஒடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கா வெகுநேரம் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழவில்லை. "இத வச்சு ஒருத்தருக்கு என்ன ஆகும்னு சொல்ல முடியாது அக்கா, சத்தியமா" என்றார் சுதீர்.

சுதீர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். "நெஜமாத்தான் சொல்றாரா?"

"ஆமாக்கா" என்றேன்.

என் சாயத்தையே சந்தேகப்படுகிறவர், என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.